842 பேரில் 97-வது இடம்: பெரிய பள்ளியில் மகள் படிக்கும் ஒரு தாய்க்குப் பதில்

டெக்ஸஸில், டாலஸ் நகரின் வடக்குப் புறநகரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி ஆகியவற்றைத் தவிர்த்து அதன் சாரம் மட்டும் இங்கே.

குடும்பம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு சென்னையிலிருந்து வந்தது. கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டு வரிசை நீளம். மகள் 3,300 பேர் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறாள். வகுப்பில் 842 பேர், அவள் 97-வது. அங்கே ஏ.பி. (கல்லூரித் தரத்திலான) பாடத்தில் 100 வாங்கினால் ஜி.பி.ஏ. என்ற தரப்புள்ளி 6.0, அட்வான்ஸ்டு (சற்றுக் கடினமான) பாடத்தில் 5.5, சாதாரணப் பாடத்தில் 5.0. ஒவ்வொரு மதிப்பெண் குறையும்போதும் 0.1 குறையும். அவளுடைய ஜி.பி.ஏ. இப்போது 5.31. போன ஆண்டு பதினொன்றாம் வகுப்பு முடிவில் முதல் 5 சதவீதம் 5.58-லும், முதல் 10 சதவீதம் 5.36-லும் முடிந்ததாகப் பள்ளிக் கவுன்சலர் சொல்லியிருக்கிறார். அந்தக் கவுன்சலரின் பொறுப்பில் 430 மாணவர்கள்.

பள்ளி வாசலில் ‘நேஷனல் மெரிட் செமிஃபைனலிஸ்ட் 38 பேர்’ என்று பெரிய பதாகை; நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டியில் முதல் கட்டத்தைத் தாண்டியவர்கள் அவர்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறாள். ஒருநாள், “இந்த ஸ்கூல்ல நான் யாருமே இல்லம்மா” என்றாளாம்.

தாயின் கேள்விகள் நான்கு. ரேங்குக்காக ஆர்கெஸ்ட்ராவை, அதாவது வயலினை, விட்டுவிட்டு இன்னொரு ஏ.பி. எடுக்கலாமா? 40 மைல் தள்ளி இருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுத்து, 310 பேர் படிக்கும் வகுப்புள்ள சிறிய பள்ளியில் சேர்த்தால் முதல் 5 சதவீதத்துக்குள் வந்துவிடுவாளா? அந்தப் போட்டிக்கான பி.எஸ்.ஏ.டி. தேர்வுப் பயிற்சிக்கு 3,500 டாலர் கேட்கிறார்கள், கட்டலாமா? முதல் 5 சதவீதத்தில் வராவிட்டால் ஆஸ்டின் டெக்ஸஸ் பல்கலைக்கழகக் கதவு மூடிவிடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எண்கள் நிறைய இருக்கின்றன. அது நல்லது, கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. ஆனால் நான் முதலில் எடுத்துக்கொள்வது மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான். ரேங்க், பதாகை, பயிற்சி எல்லாமே அதற்குப் பிறகு.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகள் ஐந்து மணி நேரம் தூங்குகிறாள். அந்த வாக்கியம் களைப்பில் வந்ததாக இருக்கலாம், அதைவிட ஆழமானதாகவும் இருக்கலாம். விடுமுறையிலும் சோர்வு தொடர்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, வயலினைத் தொடுகிறாளா, தோழிகளோடு பேசுகிறாளா என்று இரண்டு வாரம் கவனியுங்கள். இவற்றில் மாற்றம் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வுக்கான கேள்விப் பட்டியலை அவர் பத்து நிமிடத்தில் கேட்டு முடித்துவிடுவார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு எப்போதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். 988 என்ற நெருக்கடி உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இதைக் கேட்பதால் பிள்ளை மனதில் இல்லாத எண்ணத்தை நாம் விதைத்துவிடுவோம் என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. அப்படி நடப்பதில்லை, நேராகவே கேளுங்கள்.

பதாகையில் இருக்கும் 38 பேர்

பன்னிரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய 840 பேர் இருக்கும் பள்ளியில் 38 பேர் என்றால் நான்கரை சதவீதம். மீதி 800 பிள்ளைகளும் அதே வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் நல்ல கல்லூரிகளுக்கும் போகிறார்கள். பெரிய பள்ளியின் சாதனைப் பட்டியல் பெரிதாக இருப்பதற்கு முதல் காரணம் பள்ளி பெரிதாக இருப்பதுதான். இரண்டாவது காரணம், படித்த, ஓரளவு வசதியுள்ள குடும்பங்கள் அந்தப் பள்ளியை நோக்கியே வீடு வாங்குவது. பள்ளியின் தரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பட்டியல் உங்கள் மகளை அளக்கும் கோல் அல்ல என்பதே நான் சொல்ல வருவது.

பெரிய பள்ளியில் இருக்கும் பெற்றோர் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சாதனைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை: வகுப்பு ரேங்க், யு.ஐ.எல். (பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடத்தும் டெக்ஸஸ் அமைப்பு) கல்விப் போட்டிகளுக்கான பள்ளி அணி, ரீஜியன் (வட்டார) ஆர்கெஸ்ட்ராவின் நாற்காலிகள். அங்கே ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டும். 842 பேர் இருக்கும் வகுப்பில் அது கடினமாகத்தான் இருக்கும். இன்னொரு வகையில் அளவுகோல் மட்டுமே உண்டு, அதைத் தொட்ட எல்லாருக்கும் கிடைக்கும். மூன்று ஏ.பி. தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஏ.பி. ஸ்காலர். ஐந்து தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கி, எழுதிய எல்லாத் தேர்வுகளின் சராசரியும் 3.5 இருந்தால் ‘வித் டிஸ்டிங்ஷன்’. பக்கத்து இருக்கைப் பெண் எவ்வளவு வாங்கினாள் என்பதற்கு இதில் வேலையே இல்லை.

வயலினிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. தனியாகவும் குழுவாகவும் வாசிக்கும் யு.ஐ.எல். சோலோ அண்ட் ஆன்சாம்பிள் போட்டியில் நடுவர் தருவது இடம் அல்ல, மதிப்பீடு. பட்டியலில் ‘கிளாஸ் 1’ என்று குறித்திருக்கும் தனி இசைத் துண்டை, தாளைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசித்து ‘டிவிஷன் 1’ என்ற உச்ச மதிப்பீடு பெற்றால் மாநிலப் போட்டிக்குத் தகுதி. எத்தனை பேர் வேண்டுமானாலும் பெறலாம். அவளுடைய ஆர்கெஸ்ட்ரா ஆசிரியரிடம், வரும் ஆண்டுக்கு எந்த கிளாஸ் 1 துண்டு பொருந்தும் என்று ஆகஸ்ட்டிலேயே கேட்கச் சொல்லுங்கள். அவசரமில்லாமல் மனப்பாடமாக நான்கைந்து மாதம் வேண்டும்.

5 சதவீதக் கணக்கு

பத்தாம் வகுப்பு முடிவில் ஏழு பாடம், நான்கு செமஸ்டர், ஆக 28 மதிப்பெண்கள் அவள் கணக்கில் ஏறிவிட்டன. பதினொன்றாம் வகுப்பு முடியும்போது 42 ஆகும். அதாவது இனி மாற்றக்கூடியது 14 மட்டுமே. இப்போதுள்ள 5.31, போன ஆண்டின் எல்லையான 5.58-ஐத் தொட வேண்டுமானால் அந்தப் பதினான்கின் சராசரி 6.12 இருக்க வேண்டும். ஏழு பாடமும் ஏ.பி. எடுத்து ஏழிலும் 100 வாங்கினாலும் 6.0-தான் வரும். ஆகவே இந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடிவில் முதல் 5 சதவீதம் என்பது கணக்குப்படியே கைக்கு எட்டாது. இதைப் படிக்கும்போது மனம் வலிக்கும், தெரியும். ஆனால் எட்டாத ஒன்றுக்காக அவள் இன்னும் ஓராண்டு இரவு ஒரு மணி வரை விழித்திருக்கக் கூடாது. இந்தக் கணக்கை அவளுடன் உட்கார்ந்து தாளில் போட்டுக் காட்டுங்கள். ‘நீ முயற்சி செய்யவில்லை’ என்ற பேச்சுக்கு அதன் பிறகு வீட்டில் இடமிருக்காது.

10 சதவீதம் வேறு விஷயம். 5.36-ஐத் தொட மீதி 14 மதிப்பெண்களின் சராசரி 5.46 போதும். ஐந்து ஏ.பி. பாடங்களில் சராசரி 96, ஓர் அட்வான்ஸ்டு பாடத்தில் 98, ஆர்கெஸ்ட்ராவில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 28.0, 5.3, 5.0 சேர்ந்து 38.3, ஏழால் வகுத்தால் 5.47. ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டே எல்லையைத் தாண்டுகிறாள். எளிதல்ல, ஆனால் முடியக்கூடியது. எல்லை ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வயலினை விட்டால் எவ்வளவு கிடைக்கும்?

ஆர்கெஸ்ட்ராவில் 100 வாங்கினால் 5.0. அதற்குப் பதில் எடுக்கும் ஏ.பி.யில் 94 வாங்கினால் 5.4. வித்தியாசம் 0.4, இரண்டு செமஸ்டருக்கு 0.8. அதை 42-ஆல் வகுத்தால் 0.019. ஓராண்டு வயலினுக்கு விலை அவ்வளவுதான்.

இப்போது எதிர்ப்பக்கம். ஆறாவது ஏ.பி.யின் வீட்டுப்பாடச் சுமையால் மற்ற ஆறு பாடங்களிலும் இரண்டிரண்டு மதிப்பெண் குறைந்தால் போதும்: ஆறு பாடம், இரண்டு செமஸ்டர், தலா 0.2, ஆக 2.4. 42-ஆல் வகுத்தால் 0.057 இழப்பு. வந்ததைப்போல மூன்று மடங்கு போய்விடும். ஏ.பி.யில் 90 வாங்கினால் அதற்கும் 5.0-தான், ஆர்கெஸ்ட்ராவில் 100 வாங்கியதற்கும் அதே 5.0-தான் என்பதைக் கவனித்தீர்களா?

இன்னொன்றையும் பாருங்கள். சில பள்ளி மாவட்டங்கள் நுண்கலைப் பாடங்களை ரேங்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சில, குறிப்பிட்ட ஆண்டுக்கு மேல் தொடர்ந்தால் விலக்கு கேட்க அனுமதிக்கின்றன. மாவட்டத்தின் கல்விக் கையேட்டில் ‘கிளாஸ் ரேங்க்’ பகுதியைத் தேடி, எந்தப் பாடங்கள் கணக்கில் வருகின்றன என்ற பட்டியலைப் படியுங்கள். விலக்குக்குப் படிவமும் கடைசித் தேதியும் இருக்கும். தேதி தாண்டினால் யார் கேட்டாலும் கிடைக்காது, பெரும்பாலும் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். என் கருத்து தெளிவானது: வயலின் இருக்கட்டும். அந்தப் பள்ளியில் ‘நான் யாருமே இல்லை’ என்று அவளுக்குத் தோன்றாத அறை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

உறவினரின் முகவரி

இதைச் செய்யாதீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய்த் தகவல் தருவது டெக்ஸஸில் குற்றம்; அரசு ஆவணத்தைத் திரிக்கும் குற்றத்துக்கான தண்டனைச் சட்டப் பிரிவின் கீழ் வரும். கல்விச் சட்டத்தின்படி, தகுதியில்லாமல் படித்த காலத்துக்கான கட்டணத்தையும் மாவட்டம் உங்களிடம் வசூலிக்கலாம். மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள், வீட்டுக்கு நேரில் வந்து பார்க்கும் மாவட்டங்களும் உண்டு. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஒரு குடும்பம், பொய் ஆவணம் என்ற சொல்லின் அருகில்கூடப் போகக் கூடாது.

நேர்வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, உண்மையாகவே வீடு மாறுவது. மற்றொன்று, வெளி மாவட்ட மாணவர்களை ஏற்கும் மாவட்டங்களில் முறைப்படி இடமாற்றம் கோருவது. ஆனால் இரண்டிலும் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் கிடைக்குமா என்பது சந்தேகமே. புதிய மாவட்டம் பழைய மதிப்பெண்களைத் தன் அளவுகோலுக்கு மாற்றும். அங்கே அட்வான்ஸ்டு பாடத்துக்குக் கூடுதல் மதிப்பே இல்லாமல் போகலாம். தாமதமாக வந்து சேரும் மாணவரை எந்த ரேங்கில், எப்போது சேர்ப்பது என்று தனி விதிகள் இருக்கும். 310 பேரில் 5 சதவீதம் என்றால் 15 இடங்கள். அந்தப் பதினைந்தில் ஏற்கெனவே இரண்டு ஆண்டு உழைத்து நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறிய பள்ளியில் ஏ.பி. பாடங்களும் குறைவாக இருக்கக்கூடும்; ஆர்கெஸ்ட்ராவே இல்லாமலும் இருக்கலாம். பதினாறு வயதில் பழகிய முகங்களை எல்லாம் விட்டுவிட்டு, ‘நான் யாருமே இல்லை’ என்று சொல்லும் பிள்ளையை முன்பின் தெரியாத இடத்தில் நிறுத்துவதையும் யோசியுங்கள்.

ஆஸ்டின் கதவு மூடிவிடுமா?

மூடாது. சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொள்வோம். 1997-இல் வந்த மாநிலச் சட்டப்படி, டெக்ஸஸ் உயர்நிலைப் பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானியங்கிச் சேர்க்கை உண்டு. ஆஸ்டினுக்கு மட்டும் 2009-இல் விதிவிலக்கு தரப்பட்டது: மாநில மாணவர்களுக்கான முதலாண்டு இடங்களில் 75 சதவீதத்தைத் தானியங்கி முறையில் நிரப்பினால் போதும். அதனால்தான் அங்கே வரம்பு குறுகிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் காலச் சேர்க்கை முதல் 5 சதவீதம் ஆனது. வரம்பை ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் அறிவிக்கும். மீதி 25 சதவீத இடங்களுக்குப் பாடங்கள், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண், கட்டுரை, செயல்பாடுகள் எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உங்கள் மகள் அந்த வழியில் விண்ணப்பிப்பாள். போட்டி கடுமைதான், ஆனால் வழி இருக்கிறது.

நீங்கள் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. தானியங்கிச் சேர்க்கை பல்கலைக்கழகத்துக்குத்தான், துறைக்கு அல்ல. முதல் 5 சதவீதத்தில் வந்தும் கணினி அறிவியல் கிடைக்காமல் வேறு துறையில் சேர்ந்தவர்கள் ஏராளம். அதேபோல 10 சதவீதத்துக்குள் வந்தால் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் உட்பட மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை உறுதி. மேலே போட்ட கணக்கின்படி அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

தானியங்கிச் சேர்க்கைக்கு ரேங்க் மட்டும் போதாது. ‘டிஸ்டிங்விஷ்ட் லெவல் ஆஃப் அச்சீவ்மென்ட்’ என்ற நிலையில் படிப்பை முடிக்க வேண்டும்: நான்கு கணிதம், அதில் அல்ஜீப்ரா 2 கட்டாயம், நான்கு அறிவியல், ஏதேனும் ஓர் எண்டார்ஸ்மென்ட் (சிறப்புப் பாடப் பிரிவு), மொத்தம் 26 கிரெடிட். இது தவறினால் ரேங்க் இருந்தும் பயனில்லை. எட்டாம் வகுப்பில் அவள் அல்ஜீப்ரா 1 முடித்திருந்தால் அந்தக் கிரெடிட் உயர்நிலைப் பள்ளி டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி மகளின் பள்ளி ஆவணங்களைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதிக் கேட்டால் 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். 18 வயதானதும் அந்த உரிமை அவளுக்குப் போய்விடும், ஆகவே இப்போதே கேளுங்கள்.

மாநிலத்துக்கு வெளியே உள்ள கல்லூரிகள் விண்ணப்பத்தைப் படிக்கும்போது, பள்ளி அனுப்பும் ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்ற தாளும் கூடவே இருக்கும். வகுப்பில் எத்தனை பேர், என்னென்ன ஏ.பி. பாடங்கள் இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்கும். 842 பேரில் 97 என்பதை, கடினமான பள்ளி என்ற சூழலில் வைத்தே அவர்கள் படிப்பார்கள்.

பி.எஸ்.ஏ.டி.க்கு 3,500 டாலர்?

நேஷனல் மெரிட் கணக்கில் வருவது பதினொன்றாம் வகுப்பில், அக்டோபரில் எழுதும் தேர்வு மட்டும். ‘செலக்‌ஷன் இண்டெக்ஸ்’ என்ற எண்ணை இப்படிக் கணக்கிடுகிறார்கள்: வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுப்பது. ஒவ்வொரு பகுதிக்கும் உச்சம் 760, ஆகவே இண்டெக்ஸின் உச்சம் 228. டெக்ஸஸில் செமிஃபைனலிஸ்ட் எல்லை சமீப ஆண்டுகளில் 220-ஐ ஒட்டியே இருக்கிறது. எல்லை மாநிலத்துக்கு ஒன்று. பள்ளி மாறினாலும் மாறாது.

கணக்கில் 10 மதிப்பெண் ஏறினால் இண்டெக்ஸ் 1 ஏறும், வாசிப்பில் 10 ஏறினால் 2 ஏறும். நம் குடும்பங்கள் கணக்குக்கே பயிற்சி தேடுகின்றன. தேர்வு வாசிப்புக்கு இரட்டை எடை தருகிறது. மகள் வாசிப்பில் 680-ம் கணக்கில் 740-ம் வாங்கினால் இண்டெக்ஸ் 210. கணக்கை 760 ஆக்கினாலும் 212-தான். வாசிப்பை 730-க்குக் கொண்டுபோனால் கணக்கைத் தொடாமலே 220.

3,500 டாலர் கட்டும் முன் இலவசமாக இருப்பதைப் பயன்படுத்துங்கள். ‘புளூபுக்’ செயலியில் முழு நீள மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. உண்மைத் தேர்வும் அதே செயலியில்தான் நடக்கிறது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, தூங்கி எழுந்த தெளிவோடு ஒரு மாதிரித் தேர்வு எழுதட்டும். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் ஒரு வரி: எந்த வகைக் கேள்வி, ஏன் தவறியது. நேரம் போதவில்லையா, சொல் தெரியவில்லையா, கேள்வியை அவசரமாகப் படித்தாளா? கான் அகாடமியில் அந்த வகைக்கான பயிற்சியை மூன்று வாரம் செய்துவிட்டு அடுத்த மாதிரித் தேர்வு. ஆகஸ்ட் இறுதியில் இண்டெக்ஸ் 214-க்கு மேல் இருந்தால், வாசிப்புக்கு மட்டும் சில மணி நேரத் தனிப்பயிற்சி வாங்குவதில் பொருள் உண்டு. 205-க்குக் கீழ் இருந்தால் அக்டோபரை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டு எஸ்.ஏ.டி.யில் கவனம் வைப்பதே நல்லது. ஆஸ்டின் பல்கலைக்கழகம் மீண்டும் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கிவிட்டது, அந்த உழைப்பு எப்படியும் வீண் போகாது.

நேஷனல் மெரிட் அமைப்பு தானே வழங்கும் உதவித்தொகை ஒருமுறை 2,500 டாலர். ஃபைனலிஸ்ட்களுக்கு அதைவிடப் பெரிய தொகை தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு, ஆனால் பல முன்னணிக் கல்லூரிகள் அதற்கென்று எதுவும் தருவதில்லை. பதாகையில் பெயர் வருவதற்காக மட்டும் 3,500 டாலர் செலவழிக்க வேண்டாம்.

430 பேருக்கு ஒரு கவுன்சலர்

அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கம் பரிந்துரைப்பது 250 மாணவருக்கு ஒருவர். உங்கள் பள்ளியில் 430. அவர் அக்கறையில்லாதவர் அல்ல, அவருக்கு நேரமில்லை. ஆனால் கல்லூரி விண்ணப்பத்தில், இந்த மாணவி எடுத்த பாடங்கள் இந்தப் பள்ளியில் எவ்வளவு கடினமானவை என்று குறிப்பிட்டுக் கடிதம் எழுதப்போவது அவர்தான். முகம் தெரியாத பிள்ளைக்கு அவர் எப்படி எழுதுவார்?

ஆகஸ்ட்டில் பள்ளி திறந்து மூன்றாவது வாரம் நல்ல நேரம். முதல் இரண்டு வாரமும் கால அட்டவணை மாற்றங்களில் அவர் மூழ்கியிருப்பார். மின்னஞ்சலை மகளே எழுதட்டும், ஐந்தாறு வரி போதும். 15 நிமிடச் சந்திப்புக்கு மூன்று கேள்விகள்: என் பாடத் தேர்வு ‘மிகக் கடினம்’ என்ற நிலையில் குறிக்கப்படுமா? என் டிரான்ஸ்கிரிப்ட்டில் டிஸ்டிங்விஷ்ட் நிலைக்கு எதுவும் குறைகிறதா? பரிந்துரைக் கடிதத்துக்கான விவரத்தாளை எப்போது தர வேண்டும்? அதன் பிறகு செமஸ்டருக்கு ஒருமுறை சந்தித்தால் போதும். நீங்களும் உடன் போகலாம், ஆனால் பேசுவது அவளாக இருக்கட்டும்.

ஆசிரியர்களில் இருவருக்கு அவளை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் அல்லது அறிவியலில் ஒருவர், ஆங்கிலம் அல்லது வரலாற்றில் ஒருவர். பள்ளி முடிந்ததும் பாடச் சந்தேகம் கேட்க ஒதுக்கும் நேரத்துக்கு வாரம் ஒருநாள் போனாலே, 150 மாணவர்களில் அவள் முகம் அந்த ஆசிரியருக்கு நிலைத்துவிடும். பரிந்துரைக் கடிதத்தை ஏப்ரல், மே மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். செப்டம்பரில் கேட்டால் அவருக்கு முன்னால் ஐம்பது பேர் நிற்பார்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வார்த்தை. எச்-4-இல், அதாவது எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருக்கும் மகள் சம்பளம் பெறும் கோடைக் காலப் பயிற்சிக்குப் போக முடியாது; சம்பளம் இல்லாதவற்றையும் விதிகளைப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காது. ஆனால் மாநிலத்தில் நிலையாகக் குடியிருக்கும் எச்-4 மாணவர்கள் உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். அதற்கான குடியிருப்பு ஆவணங்களை இப்போதிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். 21 வயதில் எச்-4 முடிவதால், அவள் கல்லூரியில் இருக்கும்போதே விசா மாற்றம் தேவைப்படலாம். அதற்குக் குடியேற்ற வழக்கறிஞரை ஓராண்டு முன்னதாகவே பாருங்கள்.

டிசம்பரில் சென்னை பயணம் போடும்போது பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸஸில் ஒரு பாடத்துக்கு கிரெடிட் கிடைக்க, அந்த வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஒரு செமஸ்டரில் ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பது நாள்தான் வராமல் இருக்கலாம். காய்ச்சல், பல் மருத்துவர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும். அடுத்த வருடத்துக்கான பாடப் பட்டியலை எடுத்து, ஐந்து ஏ.பி. பாடங்களின் பக்கத்திலும் வாரத்துக்கு எத்தனை மணி நேர வீட்டுப்பாடம் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் சரியான எண் கிடைக்கும். கூட்டுத்தொகையுடன் பள்ளி நேரத்தையும், வயலின் பயிற்சியையும், இரவு எட்டு மணி நேரத் தூக்கத்தையும் சேர்த்து வாரத்தின் 168 மணி நேரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒரு ஏ.பி.யை அட்வான்ஸ்டு பாடமாக மாற்றுங்கள். இரண்டிலும் ஒரே மதிப்பெண் வாங்கினால் அதனால் குறைவது 0.024. பெரும்பாலான பள்ளிகளில் அந்த மாற்றத்துக்கான கெடு, பள்ளி திறந்த சில வாரங்களிலேயே முடிந்துவிடும்.